மஃரிபுக்கு முந்தி மதுரை போய் வந்தது

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஏழு பேரையும் ஒரே சட்டியில் ஆக்கிப் போட்டு, ஒரே பாயில் படுக்கப் போட்டு, ஒருத்தரும் என்னைக் குறை சொல்லாதபடி ஆளாக்கி விட்டிருக்கிறேன். படிப்பு என்று பார்த்தால் நாலாம் வகுப்பு முடிய. அதற்கு மேல் எங்கள் மேலப்பாளையத்தில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் பேப்பர் வாசிப்பேன். கோடு போட்ட நோட்டு கொடுத்தால் கோட்டை விட்டு இறங்காமல் எழுதவும் செய்வேன்.

முதன்முதலில் நான் ஏறிய காருக்குள் இரண்டு வாடை அடித்தது. ஒன்று பெட்ரோல் வாடை. இன்னொன்று, கஞ்சி போட்டு அலசாத புதுத்துணியின் வாடை. எங்கள் வீட்டுத் தறியில் நெய்த புதுச்சேலை இரண்டை நான்காகக் கிழித்து, காரின் நான்கு கண்ணாடிக்கும் உள்பக்கமாக ஊக்கு குத்தித் திரை கட்டியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலையைத் தலையோடு மூடிக்கொண்டு என் உம்மா உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா காய்ச்சலில் கிடந்து மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதை எங்களவர்கள் ‘இத்தா’ இருப்பது என்பார்கள். உம்மா இத்தாவில் இருந்தாள். எங்கள் வீட்டுக் கடைசி அறையில் ஒரு ஓலைப்பாய், ஒரு தண்ணீர்ச் செம்பு, ஓதுவதற்கு ஒரு கிதாபு, அவ்வளவுதான் அவள் உலகம். அண்ணன் தம்பி, பெற்ற பிள்ளை தவிர வேறு ஆண் முகம் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்து, முற்றத்துப் பக்கம் கூட வர விடமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் சோற்றில் கை வைத்த சமயம், மதுரையிலிருந்து தந்தி வந்தது. உம்மாவைப் பெற்ற உம்மம்மா சாகக் கிடக்கிறாள், உடனே வரவும் என்று என் பெரிய மாமா கொடுத்த தந்தி. பெரிய மாமா மதுரையில் ஜவுளி வியாபாரம் செய்தார். வயதான தாயைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தார்.

தந்தியை வாசித்துச் சொன்னதும் உம்மா அழவில்லை. கதவு இடுக்கு வழியாக என்னைக் கூப்பிட்டு, “போயி பெரியவாப்பாட்ட கேளு, நான் ஒரு தடவ எங்க உம்மா முகத்தப் பாத்துட்டு வரலாமான்னு கேளு,” என்றாள். வாப்பாவின் அண்ணனைத்தான் நாங்கள் பெரியவாப்பா என்போம். வீட்டுக்கு அவர்தான் தலை. அவரிடம் உம்மா நேரே பேசுவதில்லை. அந்த இரண்டு நாளும் நான்தான் அறைக்கும் முன்கட்டுக்கும் ஓடி ஓடி வார்த்தை சுமந்தேன்.

பெரியவாப்பா சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய், மார்க்கம் படித்த ஆலிமைக் கூட்டிவந்தார். ஆலிம் மெதுவாகத்தான் பேசுவார். “பெத்தவ கிடையா கெடக்கா. பாக்கப் போறது தப்பில்ல. பகல்ல போயிட்டுப் பகல்ல வந்துரணும். ராத்தங்கல் மட்டும் இந்த வீட்டுலதான் இருக்கணும்,” என்றார். எழுந்து செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னார்: “வழியில காரு நின்னு, செத்த பிந்திப் போச்சுன்னா அதுக்காகப் பயந்து சாவாதீங்க. அல்லாஹ்வுக்கு நம்ம நெலம தெரியும்.” முதலில் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். வாசலில் வைத்துச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையிடம் ஆலிம் என்ன சொன்னார் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

திருநெல்வேலியிலிருந்து மதுரை நூறு மைல். இன்றைக்கு இருக்கிற ரோடு இல்லை அது. ஒரு வண்டி போனால் எதிர் வண்டி மண்ணில் இறங்கி நிற்கவேண்டிய ரோடு. கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் சந்தைக்குள்ளும் மாட்டு வண்டிக்குள்ளும் நுழைந்து வெளியே வரவேண்டும். நடுவில் ரயில்வே கேட் வேறு. காலையில் போய் அங்கே இருந்துவிட்டு மஃரிபுக்கு முந்தி, அதாவது சூரியன் விழுவதற்கு முந்தி, வீட்டு வாசலில் கால் வைக்கவேண்டும். பஸ் ஆகாது, இத்தாவில் இருக்கிற பெண்ணை அந்நிய ஆண்கள் நடுவில் எப்படி உட்கார வைப்பது? ரயிலுக்கு நேரம் பொருந்தாது. கார்தான். எங்கள் தெருவில் அதுவரை கல்யாண மாப்பிள்ளை தவிர யாரும் காரில் போனதில்லை.

சனிக்கிழமை காலை கார் பிடிப்பதில் போயிற்று. மிச்சப் பகல் முழுவதும் திட்டம் போட்டார்கள். உம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, அடுத்த தெருவில் தறி வைத்திருந்தார். கூடப் போவதற்கு உரிமையுள்ள ஆண் அவர்தான். அவரும் பெரியவாப்பாவும் முன்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஜங்ஷனிலிருந்து கார் ஓட்டுகிற சுடலைமுத்து அண்ணாச்சி நடையில் குத்தவைத்திருந்தார். பருத்த ஆள், வெற்றிலை போட்ட வாயை அண்ணாந்துகொண்டுதான் பேசுவார். மாமா ஒரு கை புளியங்கொட்டையை அள்ளி வந்து, ஊருக்கு ஒன்றாகத் தரையில் வரிசை வைத்தார். இது கங்கைகொண்டான், இது கயத்தாறு, இது கோவில்பட்டி.

“கோவில்பட்டிக்கு அங்கிட்டு ஒரு கேட்டு இருக்கு, அத வைக்காம விட்டுட்டீரே,” என்றார் அண்ணாச்சி.

“அதுக்கு ரெண்டு கொட்ட வைப்பம்.”

“ரெண்டு காணாது வே. கூட்ஸ் வண்டி வந்தா, சீட்டெடுத்து ஒரு ஆட்டம் வெளையாடி முடிச்சிரலாம்.”

வாப்பாவின் அக்கா, என் மாமி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “புளியங்கொட்டையப் பரத்தி வச்சுக்கிட்டு மூணு ஆம்பளையளும் பாண்டி ஆடுதீயளா? அவ தாயிக்கு ஹயாத்து போயிரும் போலிருக்கு. இன்னிக்கே கெளம்பிப் போனா என்ன?” என்றாள். அன்றைக்குக் கிளம்பினால் இருட்டிவிடும், மறுநாள்தான் முடியும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள். அவளுக்கு வாய் நீளம். உம்மாவின் மேல் பாசமும் உண்டு.

பெரியவாப்பாவுக்கு ஒரே பயம்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்தெருவில் ஒரு பெண் இத்தாவில் இருக்கும்போது நோயாளியைப் பார்க்கப் போய், பஸ் வழியில் நின்று, ஓர் இரவு வெளியே தங்கும்படி ஆகிவிட்டது. அவள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரு அதை வாய்க்குள் போட்டு மெல்ல ஆரம்பித்தது. அவள் பிள்ளைக்குப் பெண் கேட்கப் போன இடத்தில் கூட அந்தப் பேச்சு வந்து நின்றது. “தம்பி பொஞ்சாதிய நடுரோட்டுல ராத்திரி நிக்க வச்சான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது, பாத்துக்க,” என்று அவர் சின்ன மாமாவிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். செத்துப்போன தம்பிக்குச் செய்யவேண்டிய கடமையாக அதை நினைத்தார். அதில் நான் குறை காணவில்லை.

உம்மா கதவு இடுக்கிலிருந்து என்னைத் தொட்டு, “அங்கன எவ்வளவு நேரம் இருக்கலாம்னு கேளு,” என்றாள்.

நான் போய்க் கேட்டேன். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “இருக்கலாம் இருக்கலாம், ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாதுன்னு சொல்லு,” என்றார் மாமா. நான் அதைச் சுமந்துகொண்டு போய்ச் சொன்னேன். உம்மா, “ரெண்டு மணி நேரம்,” என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எழுந்து போகும்போது மாமா ஒரு காரியம் செய்தார். அவருடைய கைக்கடிகாரம் இடையிடையே நின்றுபோகும். அதைக் கழற்றிச் சாவி கொடுத்து, எங்கள் முன்கட்டுச் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, முள்ளைத் திருப்பி அதற்குச் சரியாக வைத்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அரை மணி நேரம் முந்தி ஓடும். தொழுகை நேரம் ஒருத்தருக்கும் தப்பிவிடக் கூடாது என்று பெரியவாப்பாவே அப்படி வைத்திருந்தார். வீட்டில் இருக்கிற எங்களுக்கெல்லாம் அது தெரியும். அந்தக் கடிகாரம் ஒன்பது காட்டும்போது, “ஒன்பதாகிவிட்டது, இன்னும் நேரம் இருக்கிறது,” என்று நிதானமாகத் தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள் நான். வேறு வீட்டில் இருக்கிற மாமாவுக்கு அது தெரியாது என்பது அந்த நிமிடம் என் புத்தியில் ஏறவில்லை. பெரிய ஆட்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது. பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுபுஹு தொழுத கையோடு கிளம்பினோம். தெருவில் யாரும் பார்ப்பதற்கு முன்பே வாசலில் வேட்டியைப் பிடித்து மறைத்து உம்மாவை ஏற்றினார்கள். முன்னால் மாமாவும் அண்ணாச்சியும். பின்னால் உம்மாவும் நானும், உம்மம்மாவுக்கென்று மாமி வறுத்துக் கட்டிக்கொடுத்த ஓட்டுமாவுச் சட்டியும். அடுத்த வருடம் என்றால் என்னையும் வெளியே விட்டிருக்க மாட்டார்கள்.

திரைக்குள் உம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் ஓரத்தை விரலால் நீக்கி எட்டிப் பார்த்து, எந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கரிசல்காடு வந்துட்டு. தீப்பெட்டி ஆபீஸ் மாதிரி இருக்கு. ஆடு மேயுது. அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றாள். கேட் மூடித்தான் கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, எண்ணி முடியாத பெட்டிகளோடு, தூங்கி வழிந்துகொண்டு போயிற்று. மாமா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். “பைய ஓட்டாதேயும் அண்ணாச்சி,” என்றார். “பைய ஓட்டலவே, ரோடு அப்படி,” என்றார் அவர்.

மதுரையில் பெரிய மாமாவின் சந்துக்குள் கார் நுழையாது. உம்மாவைச் சுற்றிப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனார்கள். வீட்டுக்குள் ஒரே டெட்டால் வாடை. கட்டிலில் உம்மம்மா, ஒரு சின்னப் பிள்ளை அளவுக்குக் குறுகி, கண்ணை மூடிக் கிடந்தாள்.

பெரிய மாமாவின் மனைவி, என் பெரிய மாமி, உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். “ராத்திரியெல்லாம் ஒம் பேருதான் பாத்து. பாத்து வந்துட்டாளா, பாத்து வந்துட்டாளான்னு கத்திக்கிட்டே கெடந்தா. வலி பொறுக்க முடியாமத்தான் விடியக்காலம் டாக்டர் வந்து ஊசி போட்டாரு. இப்பத்தான் அசந்திருக்கா. தானா முழிக்கட்டும், எழுப்ப வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.” என் உம்மாவின் பெயர் மைதீன் பாத்து. பிறந்த வீட்டில் பாத்து.

உம்மா கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து, தாயின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பெரிய மாமி இடியாப்பமும் கறியாணமும் கொண்டுவந்து வைத்தாள். சின்ன மாமா சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன். உம்மா சாப்பிடவில்லை. உம்மம்மாவின் நகம் வளர்ந்திருந்தது. ஒரு பிளேடு வாங்கி, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, வலிக்காமல் வெட்டி எடுத்தாள். இடையிடையே காதருகில் குனிந்து, “உம்மா, நான் பாத்து வந்திருக்கேன்,” என்று மூச்சுவிடுகிற சத்தத்தில் சொன்னாள். எழுப்பவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. மாமா எழுந்து தன் அக்காவிடம், “லாத்தா, பதினொண்ணு ஆகப்போவுது. கெளம்பணும்,” என்றார்.

பெரிய மாமி அவர்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். “எங்க பதினொண்ணு ஆவுது? பத்தரை கூட ஆகலியே.”

“இது பிந்தி ஓடுது மதினி. நான் நேத்துத்தான் பெரிய வீட்டுல வச்சுச் சரி பண்ணினேன். அங்கன எல்லாரும் அந்தக் கடியாரத்தப் பாத்துத்தான் தொழுவாவ.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமாவின் சட்டையை இழுத்து, “மாமா, நம்ம வீட்டுக் கடியாரம்…” என்றேன்.

“ஏளா, பெரியாளுவ பேசுதப்ப குறுக்க வராத. போயிச் செருப்ப எடு.”

அத்தோடு என் வாய் அடைத்துப்போயிற்று. திரும்பச் சொல்லியிருக்கலாம். உம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போனேன், அவள் பின்னால் நின்றேன். அவள் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். ஓதுகிறவர்களை இடையில் கூப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அவள் முடிக்கட்டும் என்று நின்றேன். அவள் முடித்துக் கண் திறந்தபோது மாமா பக்கத்தில் வந்துவிட்டார்.

“தம்பி, இன்னும் செத்த நேரம். அவ கண்ணு முழிச்சு என் மூஞ்சியப் பாத்தாப் போதும். நான் வந்துருதேன்.”

“லாத்தா, நீ சொன்னா நான் மாட்டேன்னு சொல்லுவேனா? வழியில வண்டி நின்னுட்டா நான் என்ன செய்வேன், சொல்லு? ஒன்னயக் கூட்டிக்கிட்டு இருட்டுல எங்க போவேன்? மச்சான் மவுத்தாகி மூணு மாசந்தான் ஆவுது. ஒனக்கு ஒரு பேரு வந்துரக் கூடாது லாத்தா.” இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் உடைந்துபோயிற்று. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. உம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். உம்மம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். போர்வையை யார் எப்போது விரித்தார்கள், எப்படிச் சந்து தாண்டிக் காருக்கு வந்தோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஓட்டுமாவுச் சட்டியைக் கொடுக்காமலே திரும்பக் கொண்டு வந்துவிட்டோம் என்பதை விருதுநகர் தாண்டித்தான் பார்த்தேன்.

திரும்பி வருகிற வழியில் ஒரு தடையும் இல்லை. கேட் திறந்து கிடந்தது. சந்தை கலைந்திருந்தது. டயர் வெடிக்கவில்லை, மழை வரவில்லை. ஒரு மாடு கூடக் குறுக்கே வரவில்லை. ஏதாவது ஒன்று வந்து நிறுத்தினால், நாம் முந்திக் கிளம்பியதும் நல்லதுக்குத்தான் என்று ஆகிவிடுமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே வந்தேன். கயத்தாற்றுக்கு இப்பால் வந்ததும் அண்ணாச்சி தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார்.

“சாயிபு, நாம ரொம்ப முந்திட்டோம் போலிருக்கே. வெயிலப் பாரும்.”

“இருக்கட்டும் வே. முந்தினா நல்லதுதான.”

திரைக்குள் உம்மாவுக்கு வெயில் தெரியாது. தெருவில் இறங்கும்போதுதான் தெரிந்தது. வேட்டி மறைப்புக்கு மேலே வெள்ளை வெயில் கொட்டிக் கொண்டிருந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பகல் தொழுகையான லுஹர் முடிந்து வந்து சாப்பிட்ட ஆண்கள் அப்போதுதான் கை கழுவியிருப்பார்கள். அவள் ஒரே ஒருமுறை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

பெரியவாப்பா திகைத்துப்போய் நின்றார். “என்னவே, இவ்வளவு சீக்கிரம்? அங்கன ஏதும் ஆயிட்டா?”

“ஒண்ணும் ஆகல. நீங்கதான அஞ்சு மணிக்குள்ள வாசல்ல கால் வைக்கணும்னு சொன்னீய?”

“அஞ்சுன்னு சொன்னா, ஆறுக்காவது வந்து சேருவீயன்னு மனசுல வச்சுல்லா சொன்னேன். மஃரிபு ஆறு மணிக்குத்தான.”

மாமா அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். “நான் அண்ணாச்சிட்ட நாலுன்னு சொல்லிட்டேன்,” என்றார். “அஞ்சுக்கு வரணும்னா நாலுன்னு சொன்னாத்தான் சரியா இருக்கும்னு.”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ரோடு நாலு மணி நேரந்தான். டயரு கியரு போச்சுன்னா என்ன செய்யன்னு நான் அஞ்சு மணி நேரம் சொன்னேன். நாலுக்கு வரணும்னா பதினொண்ணுக்குக் கெளம்பணும்னு கணக்கு வந்துட்டு. நீங்களும் கூட்டி வச்சிருக்கீயன்னு எனக்குத் தெரியாது சாமி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ரெண்டு மணிக்கு எடுத்தாக்கூட நான் கொண்டாந்து சேத்திருப்பனே.”

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இப்ப மணி மூணு,” என்றார், ஏதோ அதையாவது சொல்லவேண்டும் என்பது போல.

“ரெண்டரை,” என்றாள் மாமி அடுப்படி வாசலிலிருந்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டி. “இது அரை மணி முந்தில்லா ஓடுது. ஒனக்குத் தெரியாதாலே? வீட்டுல இருக்க சின்னதுவளுக்கெல்லாம் தெரியுமே.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தாளா, நான்தான் அப்படி நினைத்தேனா, இன்றைக்கு வரை தெரியாது.

யாரும் சத்தம் போடவில்லை. சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் மூன்று பேரும் உம்மாவுக்கு நல்லது நினைத்துத்தான் ஆளுக்குக் கொஞ்சம் நேரத்தை யாருக்கும் சொல்லாமல் பதுக்கி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு மணி, கடிகாரத்தின் அரை மணி, அத்தனையும் சேர்ந்து மூன்றரை மணி நேரம். கதவுக்கு அந்தப் பக்கம் உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி என்ன செய்வது? மறுபடி போனால் இருட்டிவிடும். அண்ணாச்சிக்குப் போக மனசில்லாமல், ஒரு வாளித் தண்ணீர் வாங்கிச் சக்கரத்தைக் கழுவினார். கழுவிய சக்கரத்தையே திரும்பவும் கழுவினார். நான் உம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த அறைக்கு உயரத்தில் ஒரு சின்னச் சன்னல். அதிலிருந்து சுவரில் விழுந்த வெயிலை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அஸர் பாங்கு சொல்லியாச்சா?” என்றாள். மஃரிபுக்கு முந்தின, சாயங்காலத் தொழுகை அஸர்.

“இன்னும் இல்ல உம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். இன்னும் இல்லை. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் பாங்கு சொன்னார்கள். அவள் எழுந்து தொழுதாள். தொழுது முடித்த பிறகும் வெயில் சுவரில் இருந்தது. அது ஏறி, மங்கி, சிவந்து, போய், மஃரிப் ஆகிறவரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அந்த நேரத்தில் என் வாய்க்குள் ஒரே வாக்கியம் கிடந்து உருண்டது: எனக்குத் தெரியும் உம்மா, மாமா கடிகாரத்தைத் திருப்பும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல முடியவில்லை.

அன்று மாலை பெரியவாப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை அரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார். மறுநாள் நான் பழைய ஞாபகத்தில் நிதானமாகத் தலை பின்னிக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தில் வெளியே நின்றேன்.

நின்றுகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து ஆள் வந்து கூட்டிப் போனார்கள். தந்தி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அஸர் நேரம் உம்மம்மா மவுத்தாகிவிட்டாள். அன்றைக்கே அடக்கமும் ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பெரிய மாமி சொல்லி எழுதின கடுதாசி வந்தது. அதை வாசித்துக் காட்டச் சொன்னபோது மாமா பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். நீங்கள் தெருமுனை திரும்பி, ஓர் உலை கொதிக்கிற நேரம்தான் இருக்கும், கண்ணைத் திறந்து தெளிவாகப் பேசினாள், நகத்தைப் பார்த்துவிட்டு யார் வெட்டியது என்று கேட்டாள், பாத்து என்றோம், எங்கே என்றாள் என்று எழுதியிருந்தது.

ஓர் உலை கொதிக்கிற நேரம் என்றால் எவ்வளவு? அதன் பிறகு நான் எத்தனை உலை வைத்திருப்பேன்! ஏழு பிள்ளைக்கு உலை வைத்தவள். விறகு நனைந்திருந்தால் முக்கால் மணி, காய்ந்திருந்தால் இருபது நிமிடம். அது அந்த அரை மணிக்குள் அடங்குமா அடங்காதா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மற்ற மூன்று மணி நேரம் அவர்களுடையது. அரை மணி என்னுடையது.

உம்மா அதன் பிறகு முப்பத்தெட்டு வருடம் இருந்தாள். ஒருநாளும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமா மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, பேச்சு வராமல் எழுந்து போவார். நானும் அவள் தலைமாட்டில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவள் ஓதிக்கொண்டிருப்பாள், அல்லது தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். எந்த நேரமும் அதற்குத் தோதான நேரமாக இல்லை. இப்போது அவளும் இல்லை.

போன மாதம் என் கண்ணைக் காட்ட மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினோம். நாலு வழி ரோடு. ஒரு ஊருக்குள்ளும் போகாமல் எல்லா ஊரையும் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. கோவில்பட்டி எப்போது போனது என்று தெரியவில்லை. அந்த கேட் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று கூட விளங்கவில்லை. சந்தை இல்லை, மாட்டு வண்டி இல்லை. பெரிய மாமாவின் சந்தில் வேறு யாரோ கட்டின நாலு மாடி நிற்கிறது. போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை போனே சொல்லிவிடுகிறது. அப்படியும் முந்தின நாள் என் மகன் எல்லோரிடமும் ஐந்தரைக்கு வண்டி கிளம்பும் என்றான். “ஏலே, மனசுல எவ்வளவு கூட்டி வச்சிருக்க? உள்ளதச் சொல்லு,” என்றேன். “உம்மாக்கு வேற வேலையே இல்ல,” என்று மருமகள் சிரித்தாள். மகன் கொஞ்சம் யோசித்து, “அரை மணி,” என்றான். என் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும் நான் இதைக் கேட்பது வழக்கம். எதற்குக் கேட்கிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. என் பேத்தி ரிஸ்வானா எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன் என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள். பிழை கிடக்கட்டும் ரிஸ்வானா, அப்புறம் பார்க்கலாம். கதவை லேசாகச் சாத்திவிட்டு, முதலிலிருந்து சத்தமாக வாசி. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் வரும்போது என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிடாதே. உம்மாவுக்குச் சொல்லாததை யாராவது வாய்விட்டுச் சொல்லி, அதை நான் கேட்கவேண்டும். வாசி.